அத்திரம்பாக்கத்தில் கல் தட்டியவர்கள் நம் முன்னோரா?

கொசஸ்தலைக்கரை எழுதியது:

ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைமண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு தொடங்கியதே இந்த இரண்டு ஊர்களில்தான். பிறகு பலர் தோண்டினார்கள். 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அடுக்கடுக்காக, பொறுமையாகத் தோண்டி இரண்டு பெரிய முடிவுகளை வெளியிட்டார்கள். 2011இல், கீழடுக்கில் உள்ள கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு பழமையானவை, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்றார்கள். 2018இல், மேலடுக்குகளில் உள்ள இடைப் பழைய கற்காலக் கருவிகள், அதாவது கைக்கோடரிக்குப் பின் வந்த சிறு செதில் கருவிகள், 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்றார்கள்.

அதுவரை நமக்குச் சொல்லப்பட்ட கதை என்ன? ஆப்பிரிக்காவில் தோன்றிய நவீன மனிதன் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன்னோ அதற்குப் பின்னோ இங்கே வந்தான். வரும்போது இந்த நுட்பமான சிறு கருவித் தொழிலையும் கொண்டுவந்தான். 3,85,000 என்ற தேதிக்கு முன்னால் இந்தக் கதை நிற்காது. என் வாதம் இதுதான்: கைக்கோடரி செய்தவர்களின் வழிவந்தவர்களே இதே ஆற்றங்கரையில் சிறு கருவிக்கு மாறினார்கள். யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அந்த மக்களின் இரத்தம் இன்றும் இந்த மண்ணில் ஓடுகிறது.

மண்ணடுக்கு எழுதியது:

உங்கள் பதிவின் முதல் பாதி முழுவதும் சரி. கடைசி மூன்று வாக்கியங்களுக்கு மட்டும் ஆதாரமில்லை. வாதமே அந்த மூன்றில்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

தேதியில் எனக்குச் சண்டையில்லை. 2011 ஆய்வின் முறை அழகானது. தரையின் மேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் காஸ்மிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்று இரண்டு அணுவகைகள் உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் வரத்து நின்றுவிடும். அதன்பின் அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சிதையும். எஞ்சியிருக்கும் விகிதமே புதைந்த காலத்தைச் சொல்லிவிடும். கூடவே மண்ணில் பதிந்த காந்தத் திசையையும் பார்த்தார்கள். பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். அத்திரம்பாக்கத்தின் கீழடுக்குக் களிமண் அதற்கு முந்தைய திசையைக் காட்டுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகள் ஒரே முடிவுக்கு வந்தால் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி உங்கள் தொடர்ச்சிக்கு வருவோம். கீழடுக்கு 10.7 லட்சத்துக்கு முந்தையது. மேலடுக்கு 3.85 லட்சத்தில் தொடங்குகிறது. நடுவில் ஏறக்குறைய ஏழு லட்சம் ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள் எத்தனை கூட்டம் வந்தது, எத்தனை அழிந்தது? ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் ஒரே வம்சம் என்று ஆகிவிடுமா? இரண்டாவது, 3,85,000 என்பது கூட்டல் கழித்தல் 64,000. அதை மறைத்து எண்ணை மட்டும் சொல்வது முறையல்ல. மூன்றாவது, அங்கே ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லை. கருவியைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது.

கொசஸ்தலைக்கரை எழுதியது:

64,000ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 3,21,000 வரும். மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த, இன்றைக்குத் தெரிந்தவற்றில் மிகப் பழைய ஹோமோ சேப்பியன்ஸ், அதாவது நம் இனத்து, எலும்புகளின் வயது சுமார் 3,00,000. கழித்த பிறகும் அத்திரம்பாக்கம் அதைவிடப் பிந்தியதாக ஆகவில்லை. இந்தப் பிழைவரம்பு என் வாதத்தில் ஒரு கீறலும் போடவில்லை.

எலும்பு இல்லை என்கிறீர்கள். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் ஆற்றுப்படுகையில், சரளையும் செம்மண்ணும் கலந்த நிலத்தில், எலும்பு எப்படி நிற்கும்? இந்தியா முழுவதற்கும் சேர்த்து நம்மிடம் இருக்கும் பழைய மனிதச் சான்று, 1982இல் நர்மதைக் கரையில் ஹத்நோராவில் அருண் சோனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுத் துண்டும் இன்னும் சில துண்டுகளும்தான். அதை வைத்து, நர்மதையில் வேறு யாருமே வாழவில்லை என்று சொல்வீர்களா? ஐரோப்பாவில் குளிர்ந்த சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன, எலும்பு கிடைக்கிறது, ஆகவே வரலாறு அவர்களுக்கு உண்டு. நமக்குக் கல் மட்டும் கிடைக்கிறது, ஆகவே நமக்கு வரலாறு இல்லை. இந்த நியாயத்தை என்னால் ஏற்க முடியாது.

மண்ணடுக்கு எழுதியது:

நமக்கு வரலாறு இல்லை என்று நான் எழுதவே இல்லை. 15 லட்சம் ஆண்டு வரலாறு இருக்கிறது என்றுதான் எழுதினேன். அது யாருடைய வரலாறு என்பதில்தான் நாம் மோதுகிறோம்.

கருவி ஆளைக் காட்டாது என்பதை இஸ்ரேலில் நேருக்கு நேர் பார்க்கலாம். கஃப்சே குகையில் நம் இனத்தின் எலும்புகள், சுமார் ஒரு லட்சம் ஆண்டு அளவில். கெபாரா குகையில் நியாண்டர்தால் என்ற, மறைந்துபோன வேறொரு மனித இனத்தின் எலும்புக்கூடு, சுமார் 60,000 ஆண்டு. இரண்டு இடத்திலும் கருவி செய்தது ஒரே லெவலுவா முறையில், அதாவது கல்லை முதலில் பக்குவப்படுத்திவிட்டு நினைத்த வடிவில் செதிலைப் பெயர்க்கும் முறையில். அந்தக் கற்களை எலும்பில்லாமல் என் முன்னால் கொட்டினால், எந்தக் குவியல் யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். என்னைவிடத் தேர்ந்தவர்களும் தயங்குவார்கள். அப்படியிருக்க, எலும்பே இல்லாத அத்திரம்பாக்கத்தில் "நம் இரத்தம்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இரத்தம் என்று சொன்னதால் மரபணுவையும் பார்த்துவிடுவோம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று வாழும் எல்லோருடைய மரபணுவிலும் பெரும்பங்கு, சுமார் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வெளியேறிய கூட்டத்திலிருந்து வந்தது. தமிழர், பஞ்சாபியர், அந்தமான் தீவினர், சீனர், ஸ்பானியர் எல்லோரும் இதில் அடக்கம். மேலே சுமார் இரண்டு விழுக்காடு நியாண்டர்தால் கலப்பு. 3,85,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தவர்கள் நமக்குத் தந்த பங்கு என்று எதையும் இதுவரை யாரும் பிரித்துக் காட்டவில்லை. வாழ்ந்தார்கள், அறிவோடு வாழ்ந்தார்கள், பிறகு வம்சம் அற்றுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்வது அவர்களுக்கு இழிவல்ல.

பூண்டி ஆசிரியை எழுதியது:

இருவரும் யாருடைய வம்சம் என்ற கேள்வியிலேயே நிற்கிறீர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் இன்னும் ஒரு வரி எழுதவில்லை. அதை எழுதாமல் இந்த விவாதம் எனக்கு நிறைவாகாது.

பூண்டி அகழ்வைப்பகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது இரண்டு கற்களை அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஒன்று கைக்கோடரி. குவார்ட்சைட் கல், உள்ளங்கையை நிரப்பும் அளவு, ஒரு முனை கூர்மை, அடி தடிமன். இரண்டு பக்கமும் செதுக்கிய தழும்புகள் விளிம்புவரை ஓடும். இதைச் செய்தவர் கல்லுக்குள் இருந்த வடிவத்தை வெளியே கொண்டுவந்தார். கல்லே கருவி, தெறித்த சில்லு கழிவு.

அடுத்தது லெவலுவா முறைக் கல். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் கல்லின் விளிம்பைச் சுற்றிலும் தட்டிச் சீர்செய்கிறார்கள். பிறகு மேற்புறத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தட்டி, ஆமை ஓடு போல மெல்லிய மேடாக்குகிறார்கள். ஒரு முனையில் அடி விழவேண்டிய இடத்தைத் தனியாகப் பக்குவப்படுத்துகிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஓர் அடி. முன்கூட்டி நினைத்த வடிவத்தில், சுற்றிலும் கூர்மையான ஒரு செதில் கழன்று விழுகிறது. இப்போது செதில்தான் கருவி. மிச்சக் கல் கழிவு. கடைசி அடியில் என்ன விழப்போகிறது என்பது முதல் அடிக்கு முன்பே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்கோடரியில் தவறினால் அடுத்த அடியில் திருத்தலாம். இதில் கடைசி அடி பிசகினால் அதுவரை செய்த வேலை அத்தனையும் வீண்.

அந்தச் செதிலை ஒரு கழியின் நுனியில் பொருத்தலாம். எடை குறைவு, கையோடு பல கொண்டுபோகலாம். ஒரு கல்லிலிருந்து பல செதில்கள். வேட்டையும் நடையும் உணவும் இதனால் மாறியிருக்கும். 2018 ஆய்வு 7,000க்கும் மேற்பட்ட கருவிகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் கைக்கோடரி குறைந்துகொண்டே போவதையும் சிறு செதில்கள் பெருகுவதையும் காட்டியது. இந்த மாற்றத்தைவிட "யார்" என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதைப் பார்த்துப் பழகித் தானே கற்றுக்கொள்வது கடினம். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அங்கே ஆசிரியரும் மாணவரும் இருந்தார்கள் என்பதே என் துணிபு.

மண்ணடுக்கு எழுதியது:

அம்மா, செய்முறையை இவ்வளவு தெளிவாகத் தமிழில் வாசித்ததில்லை. ஆனாலும் ஆசிரியர் மாணவர் என்ற இடத்தில் நிற்கிறேன். கற்பித்தல் இருந்திருக்கலாம். பார்த்தும் பழகியும், கெட்ட கற்களைக் குவித்தும் கற்றிருக்கவும் கூடும். கல்லில் பதிந்திருப்பது கையின் வரிசை. வாயின் சொல் அதில் இல்லை. மொழி இருந்தது என்ற முடிவுக்கு அடுத்த பதிவில் யாராவது தாவிவிடுவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பூண்டி ஆசிரியை எழுதியது:

தாவ மாட்டேன். ஆனால் உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. ஆர்மேனியாவில் நோர் கெகி என்ற இடத்தில் கைக்கோடரியும் லெவலுவா செதிலும் சேர்ந்தே கிடைத்தன. காலம் சுமார் 3,35,000 முதல் 3,25,000 ஆண்டு. இந்த நுட்பம் ஒரே இடத்தில் பிறந்து பரவவில்லை, கைக்கோடரி செய்யத் தெரிந்த பல கூட்டங்கள் அங்கங்கே தாமாகவே கண்டுபிடித்திருக்கலாம் என்று அங்கே தோண்டியவர்கள் 2014இல் எழுதினார்கள். அத்திரம்பாக்கத்துக்கும் இது பொருந்தினால், "யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை" என்று கொசஸ்தலைக்கரை ஐயா சொன்னது தப்பிப்பிழைக்கும். ஆனால் "நம் இரத்தம்" என்றது அதனால் நிலைபெறாது. கண்டுபிடிப்பு உள்ளூரில் நடந்தது என்பதும், கண்டுபிடித்தவர்களின் வம்சம் நாம் என்பதும் வேறுவேறு செய்திகள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால்தான் மண்ணடுக்கு ஐயாவுக்கு வேலை எளிதாகிவிடுகிறது.

இரத்தினபுரி வாசகன் எழுதியது:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். வெப்பநாட்டு மண்ணில் எலும்பு நிற்காது என்ற பேச்சு எங்களுடைய ஈரவலயத்துக் குகைகளில் பொய்த்துப் போயிற்று. களுத்துறை மாவட்டத்தில் உள்ள ஃபாகியன் குகையில் நவீன மனிதரின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. சுமார் 48,000 ஆண்டுவரை பின்னோக்கிப் போகும் அடுக்குகள். இரத்தினபுரிப் பக்கம் பட்டதொம்பக் குகையும் அப்படியே. மழை கொட்டும் காட்டின் நடுவே இருக்கும் இடங்கள் இவை.

அங்கே என்ன தின்றார்கள் என்பதும் தெரியும். குரங்கும் மந்தியும் மலையணிலும்தான் முதன்மை வேட்டை. மரத்தின் உச்சியில் தாவும் பிராணியை ஈட்டியெறிந்து பிடிக்க முடியாது. குரங்கெலும்பைத் தீட்டிக் கூர்முனைகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள தேய்மானத்தையும் முறிவையும் நுணுக்குக்காட்டியில் பார்த்து, வில்லில் தொடுத்த அம்புமுனைகள் என்று 2020இல் ஆய்வாளர் எழுதினார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லுக்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. செங்காவிக் கல்லில் மணிகளும் செய்திருக்கிறார்கள். புல்வெளியில் பெருமிருகம் துரத்தியவர்கள் என்ற பழைய சித்திரத்தை இந்தக் காட்டுமக்கள் மாற்றிவிட்டார்கள்.

ஆகவே கொசஸ்தலைக்கரை அவர்களே, மண்ணின்மீது பழிபோட்டு நிறுத்திவிடாதீர்கள். குகைகளைத் தேடுங்கள்.

கொசஸ்தலைக்கரை எழுதியது:

குகை தேடாமலா இருந்தோம்? அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியம் குகைகள் இருக்கின்றன. 1960களில் தோண்டினார்கள். கருவிகள் கிடைத்தன, மனித எலும்பு கிடைக்கவில்லை. அது உங்கள் ஃபாகியன் குகையைப் போல 48,000 ஆண்டுக் கதையும் அல்ல. எட்டு மடங்கு பழைய காலத்தைக் கேட்கிறோம்.

மண்ணடுக்கு சொல்லும் 70,000 ஆண்டுக் கணக்குக்கும் இந்தியாவில் தடைகள் இருக்கின்றன. 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது. சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கருவிகளே கிடக்கின்றன என்று 2007இல் எழுதினார்கள். மத்தியப் பிரதேசத்தில் சோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தாபாவிலும் 80,000 ஆண்டு முதல் தொடர்ச்சியாகக் கருவிகள். அவ்வளவு பெரிய வெடிப்புக்குப் பிறகும் இங்கிருந்தவர்கள் அழியவில்லை, வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு வந்த கூட்டம் ஆளில்லாத நாட்டுக்குள் வரவில்லை. வந்தவர்கள் இருந்தவர்களோடு கலந்திருப்பார்கள். ஐரோப்பாவில் நியாண்டர்தாலோடு கலந்தார்கள் என்றால் எல்லோரும் ஏற்கிறார்கள். சோன் கரையிலும் கொசஸ்தலைக் கரையிலும் கலந்தார்கள் என்று நான் சொன்னால் மட்டும் எலும்பைக் கொண்டுவா என்கிறீர்கள்.

மண்ணடுக்கு எழுதியது:

ஏனென்றால் நியாண்டர்தால் விஷயத்தில் எலும்பைக் கொண்டுவந்தார்கள். எலும்பிலிருந்து மரபணு எடுத்தார்கள், நம்முடையதோடு ஒப்பிட்டார்கள், பிறகுதான் எல்லோரும் ஏற்றார்கள். டெனிசோவன் என்ற இனம் உண்டு என்பதே சைபீரியக் குகை ஒன்றில் கிடைத்த சிறு விரலெலும்பால் 2010இல்தான் தெரிந்தது. அந்த ஒரு துண்டு இல்லாவிட்டால் இன்றும் அவர்களுக்குப் பெயரில்லை. உங்களிடம் கேட்பதும் அதே அளவு ஆதாரத்தைத்தான். கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

ஜ்வாலாபுரத்தில் சாம்பலுக்கு மேலும் கீழும் ஒரே கருவி என்பதால் ஒரே மக்கள் என்கிறீர்கள். கஃப்சேயையும் கெபாராவையும் மறுபடி வாசியுங்கள். இன்னொன்று: அத்திரம்பாக்கத்தின் அந்த அடுக்குகள் 1,72,000 ஆண்டு அளவில் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து டோபாவரை இன்னும் ஒரு லட்சம் ஆண்டு இருக்கிறது. உங்கள் சங்கிலியில் கண்ணிகளைவிட இடைவெளிகளே நீளம்.

கலந்திருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கலந்தார்கள் என்று எழுதுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

கொசஸ்தலைக்கரை எழுதியது:

நேரம் எப்போது வரும்? யாரும் தோண்டாமலேயே வந்துவிடுமா? ஆற்றுமணலும் சரளையும் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கும் மாவட்டம் இது. நீங்கள் கேட்கும் அந்த ஒரு துண்டு ஏதோ ஒரு கட்டடத்தின் அஸ்திவாரத்துக்குள் போயிருக்கலாம். வம்சம் அற்றுப்போயிருக்கலாம் என்று நீங்கள் எழுதினால் அது நிதானம். தொடர்ந்திருக்கலாம் என்று நான் எழுதினால் அது ஆசை. இரண்டுக்கும் எலும்பு இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மண்ணடுக்கு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் "அற்றுப் போயிருக்கலாம்" என்று எழுதினேன். நீங்கள் "ஓடுகிறது" என்று எழுதினீர்கள்.

தேடவேண்டிய இடத்தையும் சொல்கிறேன். ஆற்றுப்படுகையைவிடச் சுண்ணாம்புக்கல் குகைகளில்தான் வாய்ப்பு. கர்நூல் பகுதியில் பில்லசுர்கம் குகைகளில் 1880களில் இதே ஃபூட் தோண்டி விலங்கெலும்புகளை நிறைய எடுத்திருக்கிறார். எலும்பு நிற்கும் மண் அங்கே இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பின்னும் சிலர் போனார்கள். இன்னும் ஆழமாக, இன்றைய கருவிகளோடு போகவேண்டும்.

இரத்தினபுரி வாசகன் எழுதியது:

எலும்பு கிடைத்தாலும் இந்த வெப்பத்தில் மூன்று லட்சம் ஆண்டு மரபணு தாங்குமா என்பது ஐயம்தான். எங்கள் குகைகளிலேயே அது பெரும்பாடு.

பூண்டி ஆசிரியை எழுதியது:

மரபணு தாங்காவிட்டால் புரதம் தாங்கலாம். ஸ்பெயினின் அட்டபுவெர்க்காவில் கிடைத்த சுமார் எட்டு லட்சம் ஆண்டு பழைய மனிதப் பல்லின் எனாமலிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, அந்த இனம் நமக்கு எவ்வளவு நெருக்கம் என்று 2020இல் சொன்னார்கள். பல்லின் எனாமல் உடலிலேயே மிகக் கெட்டியான பொருள். அத்திரம்பாக்கத்தின் கீழடுக்கில் மனிதப் பல் இல்லை. ஆனால் விலங்குப் பற்களின் புதைபடிமங்கள் கிடைத்திருக்கின்றன. கைக்கோடரி கிடந்த அதே களிமண்ணில் இருந்தவை.

மண்ணடுக்கு ஐயா, அந்த விலங்குப் பல்லில் புரதம் மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பார்த்தால் என்ன? மிஞ்சியிருந்தால், பிற்பாடு கிடைக்கும் ஒரு மனிதப் பல்லிலும் எதிர்பார்க்கலாம்.

மண்ணடுக்கு எழுதியது:

பார்க்க வேண்டும். அது எலும்புக்கு முந்திய கேள்வி. ஆனால் மாதிரி எடுப்பதென்றால் பல்லில் ஒரு சிறு பகுதியை அழிக்க வேண்டியிருக்கும். அங்கே கிடைத்த படிமங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனாமல் எந்த அளவு கல்லாக மாறியிருக்கிறது என்பதை வெட்டாமல், கதிர்ப்படத்தில் முதலில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

கொசஸ்தலைக்கரை எழுதியது:

அந்தக் கதிர்ப்படத்தில் இருந்தே தொடங்கட்டும். அதில் எனக்கும் மறுப்பில்லை. குடியம் குகைகளையும் பட்டியலில் சேருங்கள். 1960களில் தோண்டியவர்களிடம் இந்த ஆய்வுக்கருவிகள் எதுவும் இல்லை.